யாருக்குத் தெரியப் போகிறது?

வோட்கா என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க அரசு பல பத்தாண்டுகள் வைத்திருந்த வரையறை ரொம்பவே வெளிப்படையானது. தனித்த குணமோ, மணமோ, சுவையோ, நிறமோ இல்லாத மதுதான் வோட்கா. 2020-இல்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். அதாவது சட்டமே ருசி கிடையாது என்று சொன்ன ஒரு பொருளில், ஒரு பாட்டில் மட்டும் இன்னொன்றைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றது. 1997-இல் சிட்னி ஃபிராங்க் என்ற அமெரிக்க வியாபாரி 'கிரே கூஸ்' வோட்காவைக் கொண்டுவந்தார். பிரான்ஸில் தயாரிப்பு, அழகான பாட்டில், மற்றவர்களைவிடக் கூடுதல் விலை. 2004-இல் பகார்டி நிறுவனம் அதை இருநூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

சிரிக்கலாம். ஆனால் 2008-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு அவ்வளவு சீக்கிரம் சிரிக்க விடாது. ஒரே ஒயினை ஒருமுறை பத்து டாலர் என்றும் இன்னொரு முறை தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடச் சொன்னபோது குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது வாய்ப்பேச்சு மட்டுமல்ல. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியதை ஸ்கேன் காட்டியது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, விலை தெரியாமல் ருசி பார்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஒயின் பற்றிப் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களுக்கு விலை கூடிய ஒயின் அதிகமாகப் பிடிக்கவில்லை. கொஞ்சம் குறைவாகவே பிடித்தது.

அப்படியானால் நியாயமான ஒரு கேள்வி வருகிறது. வித்தியாசம் தெரியாத ஒருவருக்கு, உயர்ந்த பொருள் உண்மையிலேயே உயர்ந்ததா?

இந்தக் கேள்வியை எங்கள் காஞ்சிபுரத்தில் யாரும் வோட்காவை வைத்துக் கேட்பதில்லை. காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

"இது எவ்வளவுங்க?"

"இருபத்தெட்டாயிரம்மா. அசல் ஜரிகை."

"அதோ அது?"

"அது ஒன்பதாயிரம். டெஸ்டட் ஜரிகை. பாக்க ஒண்ணுதாம்மா. மேடையில லைட்டு போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. எடையில் தங்கம் ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளிதான். மலிவான ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு, மேலே மெல்லிய பூச்சு. அதற்கும் கீழே, உலோகப் பளபளப்பு ஏற்றிய பாலியஸ்டர் படலம். பத்தடி தூரத்தில் மூன்றும் ஒரே பொன்னிறம்தான். முகூர்த்தத்தன்று எடுக்கிற போட்டோவில் வெள்ளியின் எடை விழாது.

ஆனாலும் வோட்காவும் புடவையும் ஒன்றல்ல. வோட்காவைத் திரும்பத் திரும்ப வடித்து ஓர் அளவுக்குமேல் சுத்தமாக்கிவிட்டால், இரண்டு பாட்டில்களுக்கு நடுவே தேட வேண்டிய வித்தியாசம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. புடவையில் வித்தியாசம் பொருளிலேயே இருக்கிறது. நம் கண்ணில்தான் இல்லை. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று நெசவாளி பார்ப்பார். உரைகல்லில் தேய்த்தால் செம்பு தன் நிறத்தைக் காட்டிவிடும். இரண்டும் வேண்டாம், முப்பது வருஷம் பீரோவில் வைத்தாலும் போதும். பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார் இல்லையா, அவர் அம்மாவின் கல்யாணப் புடவைக்குக் காசு கொடுப்பார், ஏனென்றால் அதை எரித்தால் வெள்ளி கிடைக்கும். மற்றதை அவர் கையாலும் தொடமாட்டார்.

என் வேலையில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்றால் கோட் சரி என்று அர்த்தமில்லை. நாம் எழுதிய டெஸ்டில் அது மாட்டவில்லை, அவ்வளவுதான். "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை" என்பதும் அப்படித்தான். அந்த வாக்கியம் சொல்வது புடவையைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. நெல்சன் குட்மன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1968-இல் வெளிவந்த தன் நூலில் போலி ஓவியங்களைப் பற்றி இப்படியொரு வாதம் வைத்தார்: இன்று எனக்கு அசலும் போலியும் ஒன்றாகத் தெரியலாம், ஆனால் இரண்டும் வேறு என்று அறிந்த நொடியிலிருந்து நான் பார்க்கும் விதம் மாறுகிறது, நாளை பிரித்தறியக் கற்றுக்கொள்ளவும் கூடும்.

சரி, கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவருக்கு? புடவையை வருஷத்துக்கு இரண்டு முறை கட்டப்போகிறவர், வெள்ளியை விற்கவே போகாதவர். அவருக்கு ஒன்பதாயிரம் போதாதா? தாராளமாகப் போதும். செம்பு ஜரிகை என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கிக் கட்டுகிறவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவரை இளக்காரமாகப் பார்க்கிற உறவினர்களிடம்தான் குறை. மலிவு தப்பே அல்ல.

தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், அதே ஒன்பதாயிரம் புடவையை இருபத்தெட்டாயிரம் என்று விற்கும்போது. இங்கே ஒரு சாமர்த்தியமான வாதம் உண்டு. வாங்கியவருக்குத் தெரியாது, சந்தோஷமாகக் கட்டினார், ஒயின் குடித்தவரைப் போல அவருடைய இன்பமும் உண்மை. பிறகு நஷ்டம் யாருக்கு? வாங்கியவர் கொடுத்த கூடுதல் பணம் ஒரு நஷ்டம், அது தெரிந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் அந்தக் கடையிலேயே இல்லாத ஒருவருக்கு.

1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். பின்னாளில், 2001-இல், நோபல் பரிசும் பெற்றார். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குபவரால் பிரிக்க முடியாவிட்டால், எல்லாவற்றுக்கும் அவர் நடுவான ஒரு விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டுப் போவார். மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். காரை எடுத்துவிட்டுப் புடவையை வைத்துப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறவர் கோர்வைப் புடவை நெய்கிறார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா, எதிர்ப்பக்கம் நாடா தள்ள இன்னோர் ஆள். நாட்கணக்கில் போகிற வேலை. விசைத்தறிப் புடவையும் 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரிலேயே பக்கத்தில் தொங்கினால், இவருடைய நாட்களுக்கு விலை எங்கிருந்து வரும்? "யாருக்குத் தெரியப் போகிறது" என்ற வாக்கியத்துக்கு இவர்தான் பதில். தெரியாமல் போவதால் அழிகிறவர் இவர்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடும், மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' சீட்டும் இந்த இடைவெளியை அடைக்கப் பார்ப்பவைதான். ஆனால் சில்க் மார்க் பட்டு அசல் என்று மட்டும்தான் சொல்லும். ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. அந்தச் சீட்டைப் பார்த்து எல்லாமே அசல் என்று நினைத்துக்கொள்வது நாமாகச் சேர்த்துக்கொள்வது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலை கூடியதை வாங்கிவிட்டதாலேயே நெசவாளிக்கு நல்லது செய்துவிட்டோம் என்றும் நினைக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் புடவைக்கு இவ்வளவு என்ற கூலி. வெள்ளி விலை ஏறினால் புடவை விலை ஏறும். கூலி அதன் கூடவே ஏறுவதில்லை. கடையின் ஏசிக்கும், விளம்பரத்தில் வரும் நடிகைக்கும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். அந்தப் பங்கு மட்டும் வோட்கா பாட்டிலின் விலையைப் போன்றதுதான்.

ஆகவே விலை கூடியது நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பிரித்துக் கேட்டால் மூன்று பதில்கள் வரும். பாட்டிலுக்குப் போனால், அது நம் மனசுக்கு நாம் கொடுக்கிற காசு. கொடுக்கலாம், ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். வெள்ளிக்குப் போனால், நமக்குத் தெரியாவிட்டாலும் பொருள் உயர்ந்ததுதான். கைக்குப் போனால், அந்த உயர்வு புடவையில் பாதி, ஒரு வீட்டின் அடுப்பில் பாதி.

நம்மால் செய்யக்கூடியது சின்னக் காரியம்தான். என்ன ஜரிகை, கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தருகிற கடையில், எந்த விலைப் புடவையாக இருந்தாலும் வாங்கலாம். "பாத்தாலே தெரியலையாம்மா?" என்று சிரிக்கிற கடையில் எழுந்துவிடலாம். பார்த்தால் தெரியாது என்பதால்தானே கேட்கிறோம்.