இரண்டு மேடைகள்

'மேடை' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இரு பொருள் உண்டு. ஒன்று, ஆடவர் ஏறி நின்று அறம் பேசும் இடம். மற்றொன்று, பெண்டிர் அருகில் நின்று அடுப்பெரிக்கும் இடம். முதல் மேடையைப்பற்றி ஏடு ஏடாக எழுதிவிட்டோம். எழுச்சி பிறந்தது அங்கே, ஏற்றம் கண்டது அங்கே என்று பெருமிதமும் கொள்கிறோம். இரண்டாவது மேடையைப்பற்றி எழுதியது எத்தனை வரி? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

சமையல் மேடையைக் கான்கிரீட்டால் தம் கையாலேயே வார்த்துக்கொள்ளும் ஆவல் படித்த இளைஞர் சிலரிடம் இன்று தோன்றியிருக்கிறது. கடப்பைக் கல் வாங்கிப் பதிப்பதைவிட இதுவே சிக்கனம் என்பர் சிலர். தன் கையால் செய்த பொருளில் தனி இன்பம் என்பர் வேறு சிலர். "சிமெண்டிலும் சல்லியிலும் என்னப்பா தத்துவம்?" என்று நண்பர் நகைக்கலாம். நகைக்கட்டும். தத்துவம் வானத்திலிருந்து வழுக்கி விழுவதன்று. நாள்தோறும் யார் குனிகிறார், யார் நிமிர்கிறார் என்ற கணக்கில்தான் அது இருக்கிறது.

அந்தக் கணக்கை எங்கள் மண்ணிலேயே பார்ப்போம். ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைச்சாலை வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியிலிருந்து கிளைத்துத் தரையோடு தரையாய்க் கிடக்கும் சரத்தில் காய்ப்பது அது. ஆகவே காய் எடுப்பவள் குனிந்தே எடுக்க வேண்டும். குந்தியே நகர வேண்டும். அது செடியின் இயல்பு. குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பொழுது சாய வீடு திரும்பியதும், தரையில் கிடக்கும் அடுப்பின் முன் மீண்டும் குனிகிறாளே, அது எந்தச் செடியின் இயல்பு? மலையில் குனியவைத்தது இயற்கை. மனையில் குனியவைத்தது யார்? மரபு என்போம். மரபு என்ற சொல், பொறுப்பை யார் தலையிலும் ஏற்றாமல் தப்பிக்க நாம் கண்டுபிடித்த சொல் அல்லவா?

அயல்நாட்டில் ஒரு பெண் இதை எண்ணினார். ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட் சூட்டே லிகோட்சுகி, 1926இல் செருமனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சமையலறை ஒன்றை வகுத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை திரும்புகிறார் என்று அளந்து வகுத்தார். அமர்ந்து வேலை செய்யச் சுழலும் இருக்கையும் சேர்த்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. அடுப்படி அளந்தறிய வேண்டிய பணிக்களம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். இங்கோ, அக்கினி மூலை எது, கிழக்குப் பார்த்துச் சமைக்க இயலுமா என்று கேட்கிறோமே தவிர, சமைப்பவளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. மடக்கிய முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை அமைந்தால் முதுகு நோகாது. இதற்கு வேண்டியது பஞ்சாங்கம் அன்று, அளவு நாடா.

இனி மேடை வார்க்கும் முறையைப் பாருங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம் கொண்ட பலகை என்று வைத்துக்கொள்வோம். மரச்சட்டம் அடித்து, உட்புறம் எண்ணெய் பூச வேண்டும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அடியிலிருந்து முக்கால் அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். ஏனெனில் கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரு சுவரின்மேல் கிடக்கும் பலகையில் பாரம் ஏறினால் இழுபடுவது அடிப்புறமே. அங்கேதான் இரும்பின் துணை தேவை. சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரு பங்கு, சிறு சல்லி மூன்று பங்கு. தண்ணீரோ சிமெண்டின் எடையில் பாதியளவே. இளகினால் எளிது என்று மேலும் ஊற்றினால் வலிமை குன்றும். வார்த்து முடித்த பலகை ஏறத்தாழ 90 கிலோ கனக்கும்.

கான்கிரீட் உலர்ந்து இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே குறைந்தது 7 நாள் ஈரம் காய விடாமல் காக்க வேண்டும். 28ஆம் நாளில்தான் அதன் வலிமையை அளப்பது வழக்கம். இராகு காலத்தில் வார்த்து, நீர் விட்டுக் காத்த பலகை நிற்கும். நல்ல நேரம் பார்த்து வார்த்து, நீர் விடாமல் காயவைத்த பலகை வெடிக்கும். ஐயமிருப்பவர் இரண்டு சிறு பலகைகள் வார்த்துப் பார்க்கட்டும்! வாதத்தால் வெல்ல முடியாத மூடநம்பிக்கையை ஒரு வாளி நீர் வென்றுவிடும்.

இதுவரை எளிது. கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது.

சிமெண்டுக் கலவை காரம் மிக்கது. ஈரக் கலவை தோலை அரிக்கும். ஆகவே கையுறை அணிந்துகொள் என்று, வாழ்நாளில் ஒரே ஒரு பலகை வார்க்கப்போகும் பட்டதாரிக்கு அறிவுரை கூறுகிறோம். நன்று. நாள் தவறாமல் அதே கலவையைச் சட்டியில் சுமக்கும் சித்தாளுக்குக் கையுறை கொடுத்தவர் யார்? பட்டதாரியின் கையில் ஒட்டிய சாந்து அழகு. படம் எடுத்து நண்பர்க்குக் காட்டுகிறான். சித்தாளின் கையில் ஒட்டிய சாந்து அழுக்கு. அவளுக்குத் தனிக் குவளையில் நீர் தருகிறான். சாந்து ஒன்றே, சுமையும் ஒன்றே. மதிப்பு மட்டும் ஏன் மாறியது?

விடை ஒன்றுதான். அவன் விரும்பிச் செய்தான். அவளுக்கு வேறு வழியில்லை. உழைப்பில் உயர்வும் இல்லை, இழிவும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில் உழைப்பு இன்பமாகிறது. அது பறிக்கப்பட்ட இடத்தில் தளையாகிறது. 1953இல் ஆச்சாரியார் ஆட்சியில், சிற்றூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து, மிகுதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் வந்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பது கேடு என்றா எதிர்த்தனர்? இல்லை. குயவன் மகன் குயவனே என்று பிறப்பு விதிக்க, அதற்குப் பள்ளி முத்திரை குத்துவதையே எதிர்த்தனர். வழக்கறிஞர் மகன் கரணை பிடிக்கட்டும், கொத்தனார் மகள் கட்டடப் பொறியியல் படிக்கட்டும் என்பதே அந்த எதிர்ப்பின் பொருள்.

"நாமே வார்த்துக்கொண்டால் கொத்தனார் பிழைப்பில் மண் விழாதா?" என்று தோழரொருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. கூலி கொடுக்க வசதியில்லாத குடும்பம் தன் மேடையைத் தானே வார்ப்பதால் எவர் பிழைப்பும் கெடாது. வசதியிருந்தும், கூலியை மிச்சம் பிடித்துவிட்டு அதற்குத் 'தன்னுழைப்பு' என்று பெயர் சூட்டுவது கஞ்சத்தனத்துக்குக் கட்டிய கதராடை! கற்க விரும்புகிறவனுக்கு வழி உண்டு. கொத்தனாரை ஒருநாள் ஆசிரியராக அழைக்கட்டும்; முழுநாள் ஊதியம் தரட்டும்; 'ஐயா' என்று அழைக்கட்டும். வகுப்பறையில் நான் வாய் திறந்து கற்பிப்பதற்கு மாதச் சம்பளம் பெறுகிறேன். கரணை பிடித்துக் கற்பிப்பவர் மட்டும் இலவசமாகக் கற்பிக்க வேண்டுமா?

உரோமாபுரியில் பாந்தியன் என்றொரு கட்டடம். 43 மீட்டர் அகலமான அதன் கான்கிரீட் கவிகை, 1,900 ஆண்டுகளாக இரும்புக் கம்பியின்றி நிற்கிறது. முகப்பில், 'கட்டியவன் அக்ரிப்பா' என்று பொறித்திருக்கிறார்கள். இன்றுள்ள கட்டடம் எழுந்ததோ, அக்ரிப்பா இறந்து நூறாண்டு கழிந்து! கட்டாதவன் பெயர் கல்லில் நிற்கிறது. சாந்து குழைத்தவர் ஒருவர் பெயரேனும் இல்லை. வரலாறு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி இந்த முகப்பெழுத்துத்தான்.

ஆகவே இளைஞனே, மேடையை வார்! வார்ப்பதற்குமுன், அதில் நாளும் நிற்பவரின் உயரத்தை அளந்துகொள். 90 கிலோ பலகையைத் தூக்கும்போது, சித்தாளின் தலைச்சுமை எவ்வளவு என்று உன் தோள் உனக்குச் சொல்லும். அதைக் கேட்டபின் அவள் கூலியில் பேரம் பேசாதே. வார்த்து முடித்தபின் முடிந்தது கடமை என்று முன்னறைக்குத் திரும்பிவிடாதே. புளியும் எலுமிச்சையும் சிந்தினால் கான்கிரீட்டை அரிக்கும். உடனே துடைக்க வேண்டும். அதைத் துடைப்பது யார் கை? அந்த மேடையில் நின்று உலை வைப்பது யார் கை? வார்த்தவன் ஆண், வதங்குபவள் பெண் என்றால், குனிந்து செய்த அடிமை வேலையை நிமிர்ந்து செய்ய வைத்தாய்; அவ்வளவே உன் புரட்சி!

முதல் மேடையில் சமத்துவம் பேசியவர்கள் இரண்டாவது மேடையில் கரண்டி பிடிக்கட்டும். அங்கே வேகும் சோறு, இங்கே பேசிய பேச்சு மெய்யா பொய்யா என்று சொல்லிவிடும்.