காலமறிதல் யார் கடன்? – மழலையர் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவைகள் குறித்த அறவியல் நோக்கு

பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான காலம் மூளை மிக விரைந்து வளரும் பருவமாகும். கழுத்து நிற்றல், தவழ்தல், பேசுதல் ஆகியன பிந்தும் குழந்தைக்கு இப்பருவத்தில் அளிக்கப்பெறும் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி முதலியன ஆரம்பநிலை இடையீட்டுச் சேவைகள் எனப்படும். இவற்றை ஒரு குடும்பம் காலந்தாழ்த்தி நாடுமாயின், அத்தாழ்வுக்கு யார் பொறுப்பு என்பது அறவியல் வினாவாகும். பெரும்பாலும் தாயே இதற்கு விடை கூறுமாறு நிறுத்தப்படுகிறாள்.

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் தமிழர் பலர் வாழும் பகுதி. நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் ஆகிய பெரு மருத்துவமனைகள் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. ஆயினும் அண்மை வேறு, அடைதல் வேறு. பயிற்சி ஒரு நாளில் முடிவதன்று; மாதக்கணக்கில் தொடர்வது. நாட்கூலிக் குடும்பத்திற்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் ஊதிய இழப்பாகும். தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேச்சுப் பயிற்சி அமையுமாயின், அதனைத் தாய் வீட்டில் தொடர்வதும் அரிது. ‘அப்பனும் பிந்தித்தான் பேசினான்’ என்னும் முதியோர் கூற்றை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. குழந்தையைக் குறையுடையதெனக் கூற மனம் ஒப்பாத அன்பும் அதிலுண்டு. எனினும் அவ்வாறு கழியும் மாதங்கள் குழந்தையினுடையவை, அவை மீள்வதில்லை.

திருக்குறளில் மழலையைப் போற்றும் ‘மக்கட்பேறு’ இல்லறவியலில் இடம்பெறுகிறது. ‘காலமறிதல்’ அதிகாரமோ பொருட்பாலின் அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. அது பகைவெல்லும் வினையைக் கருதியதே எனினும், இவ்வைப்புமுறை இங்கு ஒரு சிந்தனைக்கு இடமளிக்கிறது. குழந்தையைப் பேணுதல் இல்லத்தின் அறம். காலமறிந்து செயற்படுதல் அரசின் கடன்.

2013இல் நடுவணரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் இக்கடனை ஒருவாறு ஏற்றது. மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கவும், வளர்ச்சித் தாமதம் காணப்படின் மாவட்ட இடையீட்டு மையத்திற்கு அனுப்பவும் அத்திட்டம் வகைசெய்தது. எனினும் கண்டறிதல் பாதி வழியே. மையத்திற்குத் தொடர்ந்து செல்லும் சுமை மீண்டும் குடும்பத்தையே சேர்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் பணியாளரைக் குழந்தையின் இல்லத்திற்கே அனுப்பிப் பெற்றோரைப் பயிற்றுவிப்பது எஞ்சிய பாதி வழிக்கு எடுத்துக்காட்டாகும்.

இதனால் குடும்பத்திற்குக் கடமையே இல்லை என்பது பெறப்படாது. சேவை தம் மொழியில், தம் வாழ்நிலைக்கு இயைந்து வாயிலை அடைந்த பின்னரும் அதனை மறுப்பது குழந்தைக்கு இழைக்கும் அநீதியே. அவ்வாறு அடையும்வரை தாயைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.