உவமையும் உருவகமும்: ஓர் அறவியல் நோக்கு

அணியிலக்கணம் பெரும்பாலும் பரீட்சைக்குரிய பாடமாகவே பயிலப்படுகிறது. 'மதிமுகம்' என்பது உவமை, 'முகமதி' என்பது உருவகம் என்று மாணவர் எழுதுகின்றனர், புள்ளிகள் கிடைக்கின்றன, அத்துடன் அவ்விலக்கணத்தின் பயன் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு சொல் எவ்வகை அணியாக நிற்கிறது என அறிவது சுவை பற்றிய வினா மட்டுமன்று. சில வேளைகளில் அஃது அறம் பற்றிய வினாவுமாகும்.

உவமை இரு பொருள்களை அருகருகே நிறுத்துகிறது. 'போல' என்னும் உருபு வெளிப்பட்டாலும் தொக்கு நின்றாலும், முகம் முகமாகவும் மதி மதியாகவுமே இருக்கின்றன. உருவகமோ அவ்வேறுபாட்டை நீக்கி, இதுவே அது எனத் துணிந்து கூறுகிறது. தொல்காப்பியம் உருவகத்தைத் தனியாக வகுத்துரைக்காது, உவமத்தின் அடிப்படைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக்குகிறது. வடமொழி அணிமரபைத் தழுவிய தண்டியலங்காரம் உருவகத்தைத் தனியணியாகக் கொள்கிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலும் இவ்விரண்டையும் ஒப்புநோக்கினார். உவமை நீண்டு செல்வதாலும், இதுவே அது என்று கூறாமையாலும், உருவகத்தினளவு இன்பம் பயப்பதில்லை என்பது அவர் கருத்து. உருவகத்தின் வலிமை அதன் துணிவிலேயே உள்ளது. அதன் ஆபத்தும் அங்கேயே உள்ளது.

கவிதையில் இத்துணிவு பொய்யாகாது. கவிஞனுக்கும் கற்போனுக்கும் இடையே சொல்லப்படாத ஓர் உடன்பாடு உண்டு. முகமதி என்றவுடன் எவரும் முகத்தில் தேய்பிறையை எதிர்பார்ப்பதில்லை. மதியின் களங்கத்தை அங்கே தேடுவதுமில்லை. பொய்யன் தன் கூற்று மெய்யென நம்பப்படுவதை விரும்புகிறான்; கவிஞன் அவ்வாறு விரும்புவதில்லை. இவ்வுடன்பாடு மறக்கப்படுமிடத்து நிகழக்கூடியது யாது? ஆபிரிக்காவின் ருவண்டா நாட்டு வரலாறு இவ்வினாவிற்குக் கொடியதொரு விடையைத் தருகிறது.

அந்நாட்டு மொழியில் 'இன்யென்சி' என்ற சொல் கரப்பான்பூச்சியைக் குறிக்கும். 1960களின் தொடக்கத்தில், நாட்டைவிட்டு அகன்றிருந்த துட்சி இனத்தவருள் ஆயுதந்தாங்கி எல்லை கடந்து தாக்கியோரை அச்சொல் குறித்தது. இரவில் வந்து மறைவதனால் அப்பெயர் அமைந்ததென விளக்கங் கூறப்படுவதுண்டு. தொல்காப்பிய நெறியில் நோக்கின் இது வினை பற்றிய ஒப்புமை. அதுவும் ஆயுதந்தாங்கிய ஒரு குழுவினர்க்கே உரியது. 1990களில் அச்சொல் துட்சி மக்கள் அனைவர் மீதும் ஏற்றப்பட்டது. தொட்டிற் குழந்தைக்கும் இரவில் வந்து தாக்குபவனுக்கும் பொதுவான வினை எது? எதுவுமில்லை. வினை நீங்கியபின் எஞ்சியது பயன் ஒன்றே: கரப்பானுக்கு மனிதர் செய்வது எதுவோ, அதுவே இவர்களுக்கும் செய்யத்தக்கது என்னும் முடிவு. 1993இல் தொடங்கப்பட்ட 'ஆயிரங் குன்றுகளின் சுதந்திர வானொலி' இச்சொல்லை வீடுதோறும் கொண்டு சென்றது. 1994 ஏப்பிரல் தொடக்கம் ஏறத்தாழ 100 நாள்களில் 5 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

கொலை செய்வதை 'வேலை செய்தல்' எனக் கூறும் வழக்கும் அந்நாள்களில் நிலவியது. ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை மறைத்து வேறொரு பெயரால் வழங்குவதைத் தமிழிலக்கணம் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றமை அதற்கு மரபாகக் காட்டப்படும் உதாரணம். அம்மறைப்பினால் எவர்க்கும் உயிர்ச்சேதமில்லை. கொலை வேலையானபோதோ, செய்பவனின் மனச்சாட்சியிடமிருந்தே செயல் மறைக்கப்பட்டது.

சொல்லா கொன்றது, ஆயுதமும் அதிகாரமுமல்லவா கொன்றன என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. நெடுங்காலப் பகையும் அரசியற் சூழ்ச்சியும் இன்றி ஒரு சொல்லால் மட்டும் இத்தகைய அழிவு நேர்ந்திராது. எனினும் மனிதனை மனிதனென அறிந்த கை, ஓங்குமுன் சற்றே தயங்கும். அத்தயக்கத்தைப் போக்கியது சொல்லின் பணி. ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நீதிமன்றம் 2003இல் அவ்வானொலியின் நிறுவுநர் இருவரையும் பத்திரிகை ஆசிரியர் ஒருவரையும் குற்றவாளிகளெனக் கண்டது. 2007இல் மேன்முறையீட்டின்போது சில குற்றங்கள் நீக்கப்பட்டுத் தண்டனை குறைக்கப்பட்டதாயினும், எவரும் முற்றாக விடுவிக்கப்படவில்லை. கரப்பான் என்ற சொல் யாரைக் குறித்தது என்பதும் அவ்வழக்கில் ஆராயப்பட்டது. இலக்கண வகுப்பின் வினா அங்கே நீதிமன்றத்தின் வினாவாயிற்று.

ஆயின் அணிகளை விலக்கிய வெற்றுமொழியே நன்றெனலாமா? அஃது இயலாது. ஊசிக்குக் காதும் மேசைக்குக் காலும் கொடுத்த மொழியையே மக்கள் நாளும் பேசுகின்றனர். அறியாத ஒன்றை அறிந்ததன் வழியே விளங்கிக்கொள்வது மனித அறிவின் இயல்பு. ஒப்புமை இன்றேல் பிறர் துயரை உணர்வதும் அரிதாகும். தன்னைப்போல் பிறரையும் எண்ணுதல் என்னும் அறமே ஓர் உவமையின்மீதுதான் நிற்கிறது.

எனவே வேண்டுவது அணியைத் துறத்தல் அன்று. அணியை அணியென அறிதல். ஓர் உருவகம் மனிதர்மீது ஏற்றப்படும்போது, கேட்போன் மறைந்த உருபை மீட்டு வைத்து வினவ வேண்டும்: எதனால் ஒப்பு? யாருக்கு ஒப்பு? எவ்வளவிற்கு ஒப்பு? எப்பயன் கருதி இந்த ஒப்பு? பேசுவோன் அளவுக்குக் கேட்போனும் சொல்லுக்குப் பொறுப்புடையவன். 'போல' என்பது சிறியதோர் உருபே. ஆயினும் ஒன்று மற்றொன்றாகிவிடவில்லை என்னும் உண்மையைக் காத்து நிற்பது அதுவே.