வாசலில் கேட்ட மூன்று கேள்விகள்



ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நம் கரையோரப் பங்குகளில் ஒன்று, பெயர் வேண்டாம். முக்காடிட்ட வயோதிப மாது ஒருவர் துணிப்பையுடன் ஆலய வாசலுக்கு வந்தார். காவலுக்கு நின்ற நம் இளைஞர் கேட்டார்:

"எந்த ஊர் உம்மா?"

"சம்மாந்துறை, மகன்."

"என்ன விஷயம்?"

மகள் பிரசவத்துக்காகக் கல்முனை ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றவேண்டுமாம்.

"பையில் என்ன?"

பிள்ளைத் துணி, சுடுதண்ணீர்ப் போத்தல், மெழுகுதிரி. "சரி, போங்க" என்றார் இளைஞர். அம்மாது உள்ளே போகவில்லை. மெழுகுதிரியை வாசல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"நான் என்ன பிழை செய்தேன், சுவாமி?" என்று அவர் பின்னர் என்னைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற்குப் பையோடு வந்த அந்நியனைச் சிலர் வெளியிலேயே நிறுத்தி விசாரித்தனர். அவன் முற்றத்தில் குண்டை வெடிக்கச் செய்தான். ஞாயிறு பாடசாலைச் சிறுவர் பலர் மாண்டனர். அவன் உள்ளே போயிருந்தால்? ஐந்து நாள் கழித்துச் சம்மாந்துறையில் ஒரு வீட்டில் வெடிபொருள்கள் அகப்பட்டன. ஆகவே ஊர்ப்பெயரைக் கேட்டதும் நம் இளைஞரின் முகம் இறுகியதை நான் கண்டிக்கத் துணியேன். ஆனால், அதே நாள் சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தோரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஆபிரகாம் உச்சி வெயிலில் வழிப்போக்கர் மூவரைக் கண்டு ஓடிச்சென்று வரவேற்றதைத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். கால் கழுவத் தண்ணீர், உண்ண அப்பம், கொழுத்த கன்று. யார் எவர் என்று அவர் கேட்கவில்லை. இதே இப்ராஹீம் நபியின் கதையை நம் அயலவரும் குர்ஆனில் ஓதுகின்றனர். அங்கே ஒரு நுட்பம் உண்டு: விருந்தினர் உணவைத் தொடாததைக் கண்டு அவருக்கு அச்சம் வருகிறது. அச்சம் பாவமல்ல, வாசகரே! ஆனால் அவருக்கு அது கன்றைப் பொரித்து முன்வைத்த பிறகே வந்தது. நமக்கோ அதுவே முதலில் வருகிறது.

(பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை கொடுப்பதை யாக்கோபு கடிந்து எழுதினார். திருவிழாவில் உத்தியோகத்தருக்கு முன்வரிசை நாற்காலியைத் துடைத்துவைக்கும் நாம் அதையும் ஒருமுறை வாசிக்கலாம்.)

இளைஞரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அன்று மாலை எத்தனை பைகளைத் திறந்தாய்?"

சற்று நேரம் நிலத்தைப் பார்த்தார். "அது ஒன்றுதான், சுவாமி."

இப்போது அவ்வாசலில் ஒரு வாங்கும் தண்ணீர்ப் பானையும் இருக்கின்றன. முதலில் "வாங்க, இருங்க", பிறகே பை. எல்லோருடைய பையும், என்னுடையது உட்பட. இதற்குப் பங்கில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. மெழுகுதிரியை அவ்விளைஞரே அந்தோனியார் முன் ஏற்றினார். பிள்ளை சுகமாகப் பிறந்ததா என்று விசாரிக்க எண்ணினோம். மூன்று கேள்விகள் கேட்ட நாம், அந்தத் தாயின் பெயரைக் கேட்டிருக்கவில்லை.