ஓய்வு பெறும் குழாய்

பிரான்சு நாட்டின் யூரா மலைப்பகுதியில் உள்ளது சேன் குளோத் என்னும் ஊர். புனித குளோத்தின் திருத்தலத்தை நாடி வந்த திருப்பயணிகளுக்காக அவ்வூர்க் கடைசல்காரர்கள் செபமாலை மணிகளைக் கடைந்துவந்தனர். 1850களில் அதே பட்டறைகளில், மத்தியதரைக் கடலோரத்து எரிக்கா செடியின் வேர்முண்டிலிருந்து புகைக்குழாய்கள் உருவாகத் தொடங்கின. பல மணிநேரம் கொதித்து, மாதக்கணக்கில் உலர்ந்த பின்னரே அம்முண்டு நேராகவோ வளைவாகவோ வடிவம் பெறும்.

பேணும் முறையோ இன்னும் நுட்பமானது. சூடு தணியுமுன் தண்டைக் கழற்றலாகாது; கிண்ணத்தில் கரி தடித்தால் சுரண்டவேண்டும்; ஈரம் உலர ஒரு நாளேனும் ஓய்வளிக்கவேண்டும். இதற்காகவே பலர் நான்கைந்து குழாய்கள் வைத்திருக்கின்றனர். குழாய்கள் முறைவைத்து ஓய்வெடுக்கின்றன. புகைப்பவரின் வாய்க்கும் தொண்டைக்கும் அந்த முறை வருவதேயில்லை. புகைக்குழாயும் அவ்விரு உறுப்புகளிலும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதை மருத்துவம் உறுதிசெய்துள்ளது.

பேணுதல் நற்பண்பே. ஆயினும் அது தன்னளவில் அறமாகிவிடாது. எதைப் பேணுகிறோம், அதற்காக எதை மறக்கிறோம் என்பதே அதன் அளவுகோல். மரம் வெடிக்கலாகாதெனக் கவலைப்படும் மனம், மனித உடலை அதனினும் மலிவாக எண்ணலாமோ? கருவிக்குக் காட்டும் பொறுமையில் ஒரு பங்கையேனும் அதை ஏந்தும் மனிதனுக்கும் காட்டுவோமாக.