பி.எப். பணம் யாருக்குச் சொந்தம்?

எல்லாப் புகழும் அல்லாஹுத்தஆலாவுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரமாகச் செல்லும் சாலையின் இருபுறமும் நம் சகோதரர்கள் பல்லாயிரவர் உழைத்து உண்கிறார்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோரும், டயர் ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்போரும், லாரித் தொழிற்சாலையில் போல்ட் முடுக்குவோரும், மணலிச் சுத்திகரிப்பு ஆலையில் காண்டிராக்டரிடம் வேலை செய்வோரும் அவர்களில் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு முதுமைக்கென்று இருக்கும் ஒரே சேமிப்பு, சம்பளத்தில் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதிதான். பி.எப். என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் இந்தப் பணத்தைப் பற்றியவை மிகுதி. “ஹஜ்ரத், இதில் வட்டி சேர்கிறதே, ஹலாலா?” என்பார் ஒருவர். “வருடாவருடம் இதற்கு ஜகாத் உண்டா?” என்பார் மற்றொருவர். “கணவர் என் பெயரைத்தான் எழுதி வைத்தார். மாமியார் பங்கு கேட்கிறாரே?” என்று ஒரு விதவைச் சகோதரி பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். இவை தனித்தனி மஸ்அலாக்கள் போலத் தோன்றினாலும், இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றே. இந்தப் பணம் எந்த நேரத்தில் யாருக்குச் சொந்தமாக இருக்கிறது என்பதே அந்த வேர். அது விளங்கிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சேமிப்பது தவக்குலுக்கு விரோதமா?

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். ‘ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ். நாளைக்கென்று சேர்த்து வைப்பது ஈமானின் குறைவல்லவா?’ என்று சில நல்ல மனிதர்கள் எண்ணுகிறார்கள். பனூ நளீர் கூட்டத்தாரின் பேரீச்ச மரங்களிலிருந்து வந்த வருமானத்தில், தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குத் தேவையான உணவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்து வைத்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். தவக்குல் என்றால் என்ன என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவர்?

ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றபோது, தம் பொருளில் மூன்றில் இரண்டு பங்கை தர்மம் செய்துவிட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதி என்று கேட்டபோதும் மறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு இசைந்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட, தேவையற்றவர்களாக விட்டுச் செல்வதே மேல் என்றும் அறிவுறுத்தினார்கள். ஆகவே குடும்பத்துக்கென்று சேமிப்பது குற்றமல்ல. சேமித்ததில் அல்லாஹ்வின் கடமையை மறப்பதே குற்றம். பொன்னையும் வெள்ளியையும் குவித்து இறைவழியில் செலவிடாதவர்களைத்தான் திருமறை (9:34) கண்டிக்கிறது.

பெயர் வட்டி; பொருள் என்ன?

தொழிலாளர் வைப்பு நிதிக்கு வழிவகுத்த சட்டம் 1952 ஆம் ஆண்டில் வந்தது. பொதுவாக, தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 12 பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு தருகிறார். முதலாளி தருவதில் 8.33 விழுக்காடு, 1995 இல் ஏற்பட்ட பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. இதற்கு 2014 முதல் 15,000 ரூபாய்ச் சம்பளமே உச்ச வரம்பாக இருந்துவருவதால், இந்தப் பகுதி மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போவதில்லை. எஞ்சியது வைப்பு நிதிக் கணக்கில் சேரும். ஆண்டுதோறும் அதன்மேல் அரசு ஒரு விகிதத்தை அறிவிக்கும். 2024-25 ஆம் ஆண்டுக்கு அது 8.25 விழுக்காடு. கணக்குப் புத்தகத்தில் அதற்கு ‘வட்டி’ என்றே பெயர்.

ஷரீஅத்தில் வட்டி என்பது, தன் கைக்கு வந்து தனக்குச் சொந்தமான பொருளைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்து, அதன்மேல் கூடுதல் பெறுவது. ஆனால் கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வருவதே இல்லை. அவன் அதை எவருக்கும் கடன் கொடுக்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் அவனுக்கு உரிமையில்லை. அவன் உழைப்புக்கான கூலியில் ஒரு பகுதி பிற்காலத்தில் தருவதற்கென்று நிறுத்தி வைக்கப்படுகிறது. தரும்போது கூட்டித் தரப்படுகிறது. இந்த அடிப்படையில்தான் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்களும் ஹனபீ முஃப்திகள் பலரும், கட்டாயப் பிடித்தத்தின் மேல் வரும் கூடுதல், வட்டி என்ற பெயரில் வந்தாலும் மார்க்கம் தடுத்த வட்டியாகாது என்று தீர்ப்பளித்தார்கள். பெயர் வட்டி என்று இருப்பதால் மட்டும் ஒன்று வட்டியாகிவிடாது. பெயர் லாபம் என்று இருப்பதால் மட்டும் வட்டி ஹலாலாகியும் விடாது.

ஆனால், கட்டாய அளவுக்குமேல் தானாகவே விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுகிறவர் நிலை வேறு. கைக்கு வரவிருந்த பணத்தை, கூடுதல் கிடைக்கும் என்பதற்காகவே அங்கே விட்டுவைக்கிறார் அவர். இது வட்டியின் சாயலை உடையது என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். விரும்பிச் செலுத்தியதன் மேல் ஏற்கெனவே கூடுதல் சேர்ந்திருந்தால், அதை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பேணுதல்.

கட்டாயப் பிடித்தத்தின் கூடுதலையும் ஏற்காத ஆலிம்கள் உண்டு. நிதியின் பணம் வட்டி தரும் கடன் பத்திரங்களில் போடப்படுகிறதே, கணக்கும் தொழிலாளியின் பெயரில் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொற்படி, தன் பங்கையும் முதலாளியின் பங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிற பேணுதலாளரைக் கேலி செய்வதும் தவறு. முந்திய தீர்ப்பின்படி நடப்பவரை வட்டி தின்பவர் என்று ஏசுவதும் தவறு.

ஜகாத் எப்போது?

இதற்கும் அதே அளவுகோல்தான். கைக்கு வராத, எடுக்கும் உரிமையும் முழுமையாக இல்லாத கட்டாயப் பிடித்தத்துக்கு, ஹனபீ மத்ஹபில் கடந்த ஆண்டுகளின் ஜகாத் கடமையில்லை. பணம் கைக்கு வந்தபின் கணக்குத் தொடங்கும். ஏற்கெனவே நிஸாபு உடையவர், அந்த ஆண்டின் மற்றப் பொருளோடு இதையும் சேர்த்து நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நிஸாபு இல்லாதிருந்தவருக்குப் பணம் வந்த நாளிலிருந்து ஒரு சந்திர ஆண்டு கழிய வேண்டும். விரும்பிக் கூடுதலாகச் செலுத்திய தொகைக்கோ ஆண்டுதோறும் ஜகாத் உண்டு. ஏனெனில் அது தன் இஷ்டப்படி வேறிடத்தில் வைத்த தன் பொருள். ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்த சகோதரர்கள் கடன் பொருளின் ஜகாத் பற்றித் தம் ஆலிம்களிடம் கேட்டு நடப்பார்களாக.

நாமினி வாரிசா?

கண்ணீருக்கும் பகைக்கும் அதிகம் காரணமாவது இந்த மூன்றாவது கேள்விதான்.

உஹதுப் போரில் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய சகோதரர் பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பெண் மக்களோடு நின்ற விதவை நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். இதன்பின் வாரிசுரிமை வசனம் (4:11) இறங்கியது. பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை நீர் எடுத்துக்கொள்ளும் என்று அந்தச் சகோதரருக்கு உத்தரவாயிற்று. பொருள் எவர் கையில் சிக்கியதோ அவருக்கே அது சொந்தம் என்ற வழக்கத்தை அந்த வசனம் ஒழித்தது. பாரத்தில் பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் முழுவதும் சொந்தம் என்றால், அந்தப் பழைய வழக்கம் வேறு உருவில் நம் வீடுகளுக்குள் திரும்பி வந்துவிட்டதென்றே பொருள்.

நாமினியாக எழுதுவது மார்க்கத்தில் எந்த வகையைச் சேரும்? அது ஹிபத்தாக இருக்க முடியாது. உயிரோடிருக்கும்போதே பொருளைக் கையில் ஒப்படைத்தால்தான் ஹிபத் நிறைவேறும். வஸிய்யத்தாகவும் இருக்க முடியாது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. ஆகவே நாமினி, பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கும் அமானிதக்காரர் மட்டுமே. நாட்டுச் சட்டத்திலும், கம்பெனிப் பங்குகள் பற்றிய ஒரு வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாமினி நியமனம் வாரிசுரிமையை மாற்றிவிடாது என்றே தீர்ப்பளித்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் மனைவியையும், தாயையும், ஒரு மகனையும், ஒரு மகளையும் விட்டு மவுத்தாகிறார். கபன், அடக்கச் செலவும், கடன்களும் கழிந்தபின் 7,20,000 ரூபாய் நிற்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 1,20,000. மீதி 5,10,000 இல் மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000.

“விதவைக்கு இவ்வளவுதானா? மாமியாருக்கு அவளைவிட அதிகமா?” என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வியில் இருக்கும் துயரத்தை எவரும் இலேசாக எண்ணக்கூடாது. ஆனால் கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். மஹர் பாக்கியிருந்தால் அது கடன். பங்கு பிரிக்குமுன்னே அவளுக்குச் சேர வேண்டும். எத்தனை வீடுகளில் இது நினைவுக்கு வருகிறது? சிறு பிள்ளைகளின் பங்கு அவர்களுடைய உணவுக்கும் படிப்புக்கும் செலவாகும். அந்தச் சுமை அவள் பங்கின்மேல் விழாது. 1995 ஆம் ஆண்டுத் திட்டப்படி விதவைக்கு வரும் மாதப் பென்ஷன், கணவர் விட்டுச்சென்ற பொருளில் சேராது. அது எவர் பெயருக்கு வழங்கப்படுகிறதோ அவருக்கே உரியது. அதில் மாமியாரோ மைத்துனரோ பங்கு கேட்க இடமில்லை. பத்து மாதம் சுமந்து பெற்று, மகனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் தாய்க்கு அல்லாஹ் வைத்த பங்கை, பாரத்தில் தன் பெயர் இருப்பதைக் காட்டி மறுப்பதும் நீதியாகாது.

வயது வந்த வாரிசுகள் தங்கள் பங்கு இன்னதென்று அறிந்து, அதைப் பெற்றபின், மனமுவந்து விதவைக்கு விட்டுக் கொடுத்தால் அது பெருங்குணம். ஆனால் சிறுவர்களின் பங்கை விட்டுக் கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை, பெரிய தகப்பனாருக்கும் உரிமையில்லை. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற திருமறையின் (4:10) எச்சரிக்கை போதும்.

உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டியவை

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடைய முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்பது நாயகத்தின் அறிவுரை. ஆகவே, வாங்கிய கடன், மஹர் பாக்கி, தன் பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண், நாமினி யார் என்ற விவரம், ‘இந்தப் பணத்தை ஷரீஅத்படி பங்கிடுக’ என்ற வாசகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளின் கையெழுத்தோடு மனைவியிடம் கொடுத்து வைப்பது நலம். கலியாணத்துக்குமுன் எழுதிய நியமனம், குடும்பம் ஏற்பட்டபின் வைப்பு நிதித் திட்ட விதிப்படி செல்லாது. அதைப் புதுப்பிக்காமல் விடுவது, பிற்பாடு ஒரு பெண்ணை ஆபீஸ் ஆபீஸாக அலைய வைக்கும். மனைவிக்கு அதிகம் செய்ய விரும்புகிறவர், சுகமாயிருக்கும் காலத்திலேயே, மற்ற வாரிசுகளை வஞ்சிக்கும் எண்ணமின்றி, நகையாகவோ வேறு பொருளாகவோ அவள் கையில் கொடுத்துவிடலாம்.

முதலாளிகளாயிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்தத் திட்டம் உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டு அலுவலகத்தில் கட்டாமல் தன் வியாபாரத்தில் போட்டுப் புரட்டுகிறவர், பிறர் அமானிதத்தை உண்கிறார். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான். அந்த வழக்கில் எந்த வக்கீல் வாதாடுவார்?

ஆகவே, தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இதுதான்: நிதியில் இருக்கும்வரை அது நமக்கு வரவேண்டிய கூலி. கைக்கு வந்ததும் நமக்குச் சொந்தம், ஆனால் ஏழையின் பங்கு அதில் உண்டு. மூச்சு நின்ற கணத்தில் நமக்கு அதில் ஒரு காசும் சொந்தமில்லை. முப்பது ஆண்டுகள் இயந்திரத்தின் முன் நின்று சேர்த்த பணத்துக்கும் நாம் பிரதிநிதிகள்தாம் என்று திருமறை (57:7) உணர்த்துகிறது. பிரதிநிதியின் வேலை, கணக்கைச் சுத்தமாக ஒப்படைப்பதே.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நமக்குப் பின் நம் பிள்ளைகளை ஒற்றுமையோடும் மானத்தோடும் வாழ வைப்பானாக! ஆமீன்.