ஆப்தன் என்னும் வழிகாட்டி: அமால்ஃபி கடலோரச் சாலையும் நம்பிக்கையின் இலக்கணமும்

பிறர் சொல்லை நம்பி ஒன்றை அறிவது உண்மையான அறிவாகுமா, அல்லது தற்செயலாகப் பலித்துவிட்ட ஊகம் மட்டும்தானா என்னும் கேள்வி இந்தியத் தத்துவ மரபுகளில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்த ஒன்று. வேதத்தின் அதிகாரம், ஆகமத்தின் அதிகாரம், குருவின் சொல்லுக்குரிய மதிப்பு ஆகியவற்றையொட்டியே அக்கேள்வி பெரும்பாலும் எழுப்பப்பட்டதால், அது சமயவாதிகளின் வழக்கு என்றும் சாதாரண மனிதனின் நாளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் நியாயம் என்னும் தருக்க மரபின் நூலார் வழிப்போக்கனையும் அவனுக்கு வழி சொல்பவனையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தயங்கியதில்லை. முன்பின் அறியாத ஒரு கடற்கரைக்குச் சென்று, தனி வாகனம் ஒன்றை அமர்த்தி, அதை ஓட்டிக்கொண்டே ஊர்களையும் காட்டும் ஒருவரிடம் ஒரு பகல் முழுவதற்கும் தன் உயிரையும் கண்களையும் ஒப்படைக்கும் பயணி, அந்தப் பழைய வழக்கின் நடுவிலேயே நிற்கிறார்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, சோரெண்டோ தீபகற்பத்தின் தென்புறமாக நீளும் அமால்ஃபி கடற்கரை இதற்குத் தக்க களம். பொசிட்டானோ, பிராயானோ, அமால்ஃபி, அத்ரானி, மினோரி, மயோரி, சேத்தாரா, வியெத்ரி என்று கடலோடு ஒட்டிய ஊர்களை இணைக்கும் 163ஆம் எண் அரசுச் சாலை, பூர்போன் மன்னர்களின் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குதிரை வண்டிகளை மனத்தில் கொண்டு செங்குத்துப் பாறையைக் குடைந்து போடப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகும் சாலையின் அகலம் பெரிதாக மாறிவிடவில்லை. பார்வை மறையும் வளைவு ஒன்றில் எதிரே பேருந்து வரும்போது நிகழ்வதைக் கூர்ந்து பார்த்தால் ஓட்டுநரின் தொழில் என்னவென்பது விளங்கும்: வளைவுக்கு முன்பே அவர் ஒலியெழுப்புகிறார், பாறையில் பொருத்தப்பட்ட குவிகண்ணாடியில் பேருந்தின் முகப்பைக் காண்கிறார், அது திரும்பத் தேவையான இடத்தைக் கணித்து வண்டியைப் பின்னோக்கி எடுத்துப் பாறையோடு ஒட்டி நிறுத்துகிறார், பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொள்கிறார், பேருந்து ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனபின் ஒன்றும் நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார். இத்தாலியில் வாகனங்கள் வலப்புறமாகச் செல்வதால், பொசிட்டானோவிலிருந்து கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்குக் கடலோரத் தடம் வாய்க்கிறது. மறுதிசையில் வருகிறவர்களுக்கு எதிர்த்தடத்துக்கு அப்பால்தான் கடல். பயணத்தின் திசையை நிர்ணயிக்கும் இச்சிறு செய்தியைக் கூடப் புதிதாக வரும் பயணி பிறர் சொல்லித்தான் அறிகிறார்.

ஓட்டுநர், வழிகாட்டி ஆகிய இரு பணிகளையும் இத்தாலியச் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓட்டுநரோடு வாகனத்தை வாடகைக்கு விடுவது 1992ஆம் ஆண்டின் 21ஆம் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி உரிமம் பெற வேண்டிய தொழில்; தேவாலயங்களிலும் அருங்காட்சியகங்களிலும் விளக்கம் சொல்வது தனித் தேர்வும் தனி உரிமமும் உடைய மற்றொரு தொழில். வண்டிக்குள் ஊரைப் பற்றிப் பேசும் ஓட்டுநர் பலர் உண்டு. தேவாலயத்துக்குள் வந்து விளக்கும் தகுதி அவர்களுள் எல்லோருக்கும் இல்லை. இவ்வேறுபாட்டை முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிடும் ஓட்டுநர், தன் சொல்லின் எல்லையைத் தானே வரைந்து காட்டுகிறார் என்பதால், அவர்மீது நம்பிக்கை கொள்ள முதல் காரணம் அங்கேயே பிறக்கிறது.

நம்பத்தக்க சொல்லுக்கு உரியவனை நியாய மரபு ஆப்தன் என்று அழைக்கிறது. நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் ஆப்தனின் இயல்பாக மூன்றைக் கூறுகிறார்: சொல்லும் பொருளை அவன் நேரில் கண்டறிந்திருக்க வேண்டும், கேட்கும் உயிர்கள்மீது இரக்கம் கொண்டிருக்க வேண்டும், கண்டதைக் கண்டபடியே தெரிவிக்கும் விருப்பம் உடையவனாக இருக்க வேண்டும். இதனினும் வியப்புக்குரியது, இவ்விலக்கணம் முனிவருக்கும் சான்றோருக்கும் மிலேச்சருக்கும், அதாவது வேத நெறிக்குப் புறம்பான அந்நியருக்கும், பொதுவானது என்று அவர் சேர்த்துச் சொல்வதாகும். பிறப்பும் சமயமும் ஒருவரை ஆப்தராக்குவதில்லை; குறித்த ஒரு பொருளோடு அவருக்குள்ள உறவே ஆக்குகிறது. அமால்ஃபியில் வண்டி ஓட்டும் ஒருவர், தமிழகத்திலிருந்து செல்லும் பயணிக்கு ஆப்தராவதற்கு இம்மரபில் எந்தத் தடையும் கிடையாது.

இடர்ப்பாடு முதல் இயல்பிலேயே தொடங்குகிறது. சாலையை அறியாத பயணி, இன்னொருவர் அதை அறிந்திருக்கிறார் என்பதை எப்படி அறிவார்? மருத்துவம் தெரியாதவன் உண்மை மருத்துவனையும் போலியையும் பிரித்தறிய முடியுமா என்று பிளேட்டோவின் ‘கார்மிடீஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பும் ஐயமும் இதுவே. அதே பிளேட்டோ ‘மெனோ’ உரையாடலில், லாரிசா நகருக்கு வழியறிந்தவனும், போயறியாமல் வழியைச் சரியாக ஊகித்தவனும் ஒரே ஊருக்குத்தான் கொண்டுசேர்ப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, சரியான கருத்து நிலைத்து நிற்பதில்லை, காரணத்தோடு கட்டப்பட்ட அறிவே நிற்கும் என்று வேறுபடுத்துகிறார். கைப்பேசியின் வரைபடத்தைப் பின்பற்றும் ஓட்டுநரும் வழக்கமான நாளில் பயணியை மலைமேலுள்ள ராவெல்லோ ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவார். பாறை சரிந்து கடலோரச் சாலை மூடப்பட்ட நாளிலோ, மலையின் மறுபுறமுள்ள ஆங்ரியிலிருந்து கியுன்சி கணவாய் ஏறி ராவெல்லோவுக்கு இறங்கும் வழி உண்டென்பதையும், அந்த வழியில் எவ்வளவு நேரம் கூடும் என்பதையும், அன்றைய திட்டத்தில் எதைக் கைவிட வேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல்லக்கூடியவர்தான் வழியை அறிந்தவர். எனவே முன்பதிவுக்கு முன் கேட்கத்தக்க கேள்வி ‘எந்தெந்த ஊர்களைக் காட்டுவீர்கள்’ என்பதன்று, ‘சாலை மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்’ என்பதே.

பிறர் சொல்லால் வரும் அறிவு தனி அளவை அன்று, அனுமானத்தின் ஒரு வகையே என்று வைசேடிக மரபினரும் பௌத்த அறிஞரான திக்நாகரும் வாதிட்டனர். அளவை என்பது மெய்யறிவு பிறக்கும் வாயில். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் முதன்மையாகக் கொள்ளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில், உரையைக் கருதலுக்குள் அடக்கிவிடுவது அவர்கள் நிலைப்பாடு. இவர் முன்பு சொன்னவை மெய்யாயின, ஆகவே இப்போது சொல்வதும் மெய் என்பது அந்த அனுமானத்தின் வடிவம். முன்சென்ற பயணிகள் வழங்கிய மதிப்பெண்களை அடுக்கிப் பார்த்து ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்போர் அனைவரும் இவ்வகையில் திக்நாகரின் வழியினரே. நியாயவாதிகளோ, சொல்லைப் புரிந்துகொண்ட அந்தக் கணத்திலேயே, ஐயத்துக்கு இடமில்லாதபோது, இடையில் அனுமானம் எதுவும் இன்றி அறிவு பிறக்கிறது என்றனர். இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றுக்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. தேர்ந்தெடுக்கும் நாளில் பயணி கருதலைக் கொண்டே செயல்படுகிறார், வண்டியில் ஏறி அமர்ந்த பிறகோ, ‘இங்கே இறங்காதீர்கள், பின்னால் வண்டி வருகிறது’ என்று ஓட்டுநர் சொல்லும் நொடியில், அவருடைய பழைய மதிப்பெண்களை நினைத்துப் பார்த்து முடிவு கட்டுவதற்கு இடமே இல்லாமல், உரையாலேயே அறிகிறார்.

வாத்ஸ்யாயனரின் மூன்றாம் இயல்பை, அதாவது கண்டபடி சொல்லும் விருப்பத்தை, பின்வந்த நியாய உரையாசிரியர் வாசஸ்பதி மிச்ரர் எதிர்பாராத ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். பாதையோரத்தில் காத்திருந்து வழிப்போக்கரின் உடைமை அனைத்தையும் பறித்துக்கொண்ட கொள்ளையர்கூட, அதன்பின் அவர் போக வேண்டிய வழியைச் சொல்லும்போது, பொய் சொல்வதற்கு அவர்களிடம் காரணம் ஏதும் எஞ்சாததால், அந்த ஒரு பொருளில் ஆப்தராகிறார்கள் என்பது அவர் கருத்து. நம்பகத்தன்மை ஒருவரின் குணத்தில் மட்டும் இல்லை, பொய்க்குக் காரணம் இருப்பதிலும் இல்லாமையிலும் அடங்கியுள்ளது என்னும் இந்நுட்பம், ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்போருக்கு நேரடியாகப் பயன்படுகிறது. சுற்றுலாத் தொழில் நடக்கும் எந்த நாட்டிலும் போலவே இங்கும், பயணிகளை அழைத்துவரும் ஓட்டுநருக்கு உணவகமோ மட்பாண்டக் கடையோ தரகு தருவது நிகழக்கூடும். வியெத்ரியின் வண்ண மட்பாண்டங்களும் அமால்ஃபியின் எலுமிச்சை மதுவும் உண்மையிலேயே புகழுக்குத் தகுந்தவை. ஆனால் தரகு பெறும் ஒருவர் அவற்றைப் புகழும்போது, அப்புகழ்ச்சி மெய்யாகவே இருந்தாலும், பயணியால் அதை அறிவாகப் பெற முடிவதில்லை.

இங்கேதான், நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு கடமை தென்படுகிறது. பொய்க்கான காரணத்தைப் பல வேளைகளில் பயணியே உண்டாக்குகிறார். பேரம் பேசிப் பேசி, எரிபொருளும் நிறுத்துமிடக் கட்டணமும் போக ஓட்டுநருக்கு ஒன்றும் மிஞ்சாத தொகைக்கு அவரை இறக்கிவிட்டபின், அவர் தரகை நாடுவதைக் குற்றமாகச் சொல்வதில் நேர்மை இல்லை. போதுமான கட்டணத்தை முன்கூட்டியே முடிவு செய்து, எத்தனை மணி நேரம், எந்தச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டு, கடைகளில் நிறுத்த வேண்டாம் அல்லது நிறுத்தலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும் பயணி, ஓட்டுநர் ஆப்தராக இருப்பதற்கு வேண்டிய சூழலைத் தானே அமைத்துத் தருகிறார். மலிவாகக் கிடைத்த வழிகாட்டியைப் பற்றிப் பெருமைப்படுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் ஒருவரிடம் உண்டா என்பதற்கு அமால்ஃபியின் துறைமுகச் சதுக்கத்திலேயே ஒரு சோதனை நிற்கிறது. திசைகாட்டியைக் கண்டுபிடித்தவராக ஃப்ளாவியோ ஜோயா என்பவருக்கு அங்கே சிலை உண்டு. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. அமால்ஃபியில் காந்தத்தின் பயன் கண்டறியப்பட்டதாக ஃப்ளாவியோ பியோந்தோ என்னும் வரலாற்றாசிரியர் தெரிவிக்கிறார் என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இலத்தீன் தொடரை, நிறுத்தக்குறியை இடம்மாற்றிப் படித்ததால், செய்தி சொன்னவரே கண்டுபிடித்தவராகிவிட்டார். உரை என்னும் அளவை எப்படிப் பழுதுபடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சிலைக்கு முன் நின்று ‘இவர்தான் திசைகாட்டியைக் கண்டுபிடித்தார்’ என்று முடித்துவிடும் வழிகாட்டியும், ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று கைவீசிவிடும் வழிகாட்டியும் பாதியையே தருகிறார்கள். இடைக்காலத்தில் கடல் வாணிபத்தில் ஓங்கிய குடியரசாக இருந்த அவ்வூரின் மாலுமிகள் காந்த ஊசியை நன்கு கையாண்டதாலேயே அக்கதை அங்கு ஒட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்பவரே முழுமையாகச் சொல்கிறார்.

சதுக்கத்திலிருந்து சற்றே நடந்தால் புனித அந்திரேயாவின் பேராலயம். அங்கே கேள்வி இன்னும் ஆழமாகிறது. நியாய சூத்திரம் உரையைக் காணத்தக்க பொருளைப் பற்றியது, காணவியலாத பொருளைப் பற்றியது என இரண்டாகப் பகுக்கிறது. 1208இல் கர்தினால் பியெத்ரோ கப்புவானோ கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அந்திரேயாவின் எலும்புகள் எனப்பட்டவற்றை இங்கே கொண்டுவந்தார் என்பது முதல் வகை. அவை உண்மையில் அப்போஸ்தலருடையவை என்பதும், 1544 ஜூன் மாதத்தில் ஓட்டோமன் கடற்படைத் தலைவர் பார்பரோசாவின் கப்பற்படையைச் சிதறடித்த புயல் அவர் அருளால் எழுந்தது என்பதும் இரண்டாம் வகை. காணவியலாதவற்றில் வேதத்தை நம்புவதற்கு நியாயவாதிகள் சொன்ன காரணம், அதே ஆசிரியர்களின் மருத்துவ நூல் காணத்தக்கவற்றில் மெய்யாகிறது என்பது. அவ்வாதம் வேதத்துக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு வழக்கு. வழிகாட்டியின் விஷயத்திலோ அது ஓரளவுக்கு மேல் செல்லாது. வளைவுகளைத் துல்லியமாக அறிந்தவர் என்பதால் ஒருவர் புனிதரின் அற்புதத்துக்குச் சாட்சியாகிவிட மாட்டார். ஆயினும், ‘எங்கள் பாட்டி இப்படி நம்பினார், இந்த ஊர் இன்றும் நம்புகிறது’ என்று அவர் சொல்லும்போது, ஊரின் நம்பிக்கை என்னும் காணத்தக்க பொருளுக்கு அவரைவிட நல்ல ஆப்தர் கிடைக்க மாட்டார். கல்லறையில் கசிவதாகச் சொல்லப்படும் ‘மன்னா’ என்னும் நீர்மத்தைப் பற்றி அவர் குரல் தாழ்த்திப் பேசுவதும், பயணி அதை ஏற்காமலேயே மரியாதையோடு கேட்பதும், இருவருக்கும் இழுக்காகாது.

எஞ்சியிருப்பது இரக்கம். மூன்றனுள் இதையே முதன்மையானதாகக் கருத இடமுண்டு. ஏனெனில் அறிவும் நேர்மையும் உடைய ஒருவர்கூடப் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் முகம் வெளிறுவதைக் கவனிக்காமல் வரலாறு சொல்லிக்கொண்டே போகலாம். கடலிலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலுள்ள ராவெல்லோவுக்கு ஏறும் வளைவுகளில் வேகத்தைக் குறைப்பது, 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் கண்டு தம் ‘பார்சிஃபல்’ இசைநாடகத்தின் தோட்டத்தை அடையாளம் கண்ட வில்லா ரூஃபோலோவின் வாயிலில் பயணியை விட்டுவிட்டுத் தாம் பேசாமல் விலகிக்கொள்வது, சொல்ல வேண்டியது இருந்தும் கடல் தெரியும் இடத்தில் வாயை மூடிக்கொள்வது ஆகியவை எந்த உரிமத்திலும் எழுதப்படாதவை. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே ஊர்ப் பட்டியலை ஒப்பிக்காமல், ‘உங்களோடு முதியவர் உண்டா, வளைவுச் சாலையில் யாருக்கேனும் தலைசுற்றுமா, படியேற முடியுமா’ என்று கேட்பவரிடம் இவ்வியல்பின் அடையாளம் தெரியும்.

அக்கேள்விகளுக்குப் பயணி தரும் விடையும் ஓர் உரையே. சாலைக்கு ஓட்டுநர் எவ்வாறு ஆப்தரோ, தம் முழங்கால் வலிக்கும் தம் குமட்டலுக்கும் பயணியே ஆப்தர். வேறு எவரும் அவற்றை நேரில் அறிய வழியில்லை. கூச்சத்தால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால், பொசிட்டானோவின் படிக்கட்டுகளையும் ராவெல்லோவின் ஏற்றத்தையும் ஒரே பகலில் வைத்து ஓட்டுநர் வகுக்கும் திட்டம், அவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், தவறான சொல்லின்மேல் வகுக்கப்பட்டதாகவே இருக்கும்.